பொட்டு வைத்த காபரேட்டர்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், எழுத்துப்பிழையும் இருக்கும். பொறுத்துக்கொண்டு படியுங்கள். வாயால் சொல்ல எனக்குக் கூச்சம், அதனால்தான் எழுதுகிறேன்.

நான் ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின் பழுதுபார்க்கும் பிட்டர். எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து ஓய்வு பெற்ற ஐயாவிடம் என்னைவிட வயதான ஒரு சின்னக் கார் இருக்கிறது. மகளை மணப்பெண்ணாக அதில்தான் அப்புத்தளைக் கோயிலுக்கு அழைத்துப் போவேன் என்று ஒரே பிடிவாதம். ஆனால் மேட்டைக் கண்டால் கார் நின்றுவிடும். பதுளை கராஜில், பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுக்கும் காபரேட்டரை மாற்றச் சொன்னார்களாம். அது எங்கும் கிடைக்கவில்லை. கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, காரை என் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து, பழையதைக் கழற்றி என்னிடம் கொடுத்தார்.

உள்ளே பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையை வெந்நீரில் அமிழ்த்தினேன். குமிழி வந்தது. ஓட்டை. புகுந்திருந்த பெட்ரோலை வடியவிட்டு, நன்றாகக் காயவைத்து, ஈயத்தால் அடைத்தேன். ஈயம் ஏறியதில் மிதவை கனத்துவிட்டது. அதிலிருக்கும் தகட்டு நாக்கை இம்மி இம்மியாக வளைத்து பெட்ரோல் மட்டம் பார்க்கவே நான்கு மாலைகள் போயின.

இடையில் ஆயுத பூசை வந்தது. ஸ்பேனர், சுத்தியல் எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்தேன். தட்டில் கழுவி வைத்திருந்த காபரேட்டர் துண்டுகளுக்கும் ஆளுக்கொரு பொட்டு. பூசைப் பொட்டை அழிக்கக் கூடாதென்று மறுநாள் அப்படியே காரில் பூட்டினேன்.

ஐயா குடும்பத்தோடு வந்தார். நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினார். கார் இருமியது, நின்றது. மறுபடியும் இருமியது.

"என்ன தம்பி, இதுக்கும் நான்தான் இருமல் மருந்து குடுக்கணுமா?" என்று ஐயா சிரித்தார். மகள் சிரிக்கவில்லை. கல்யாணத்துக்கு ஐந்தே நாள் இருந்தது.

என் காது சூடாகிவிட்டது. காபரேட்டரை மறுபடியும் கழற்றினேன். ஜெட் என்பது சின்னப் பித்தளைத் துண்டு. அதன் ஊசித் துவாரம் வழியாகத்தான் பெட்ரோல் போகும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். துவாரத்தில் சந்தனம் காய்ந்து கல்லாகியிருந்தது. தூசி என்று சொல்லியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அதற்குள் என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டாள்.

"என்னங்க, பொட்டு வைக்க வேற எடமே கெடைக்கலையா? ஓட்டையிலயா வைப்பீங்க?"

"நான்தாங்கய்யா வச்சேன்," என்றேன். அன்று நான் பேசியது அவ்வளவுதான்.

ஐயா வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "சாமி வழியிலயே உக்காந்துட்டா வண்டி எப்படிப்பா போகும்? கழுவு, கழுவு!" இந்த முறை மகளும் சிரித்தாள்.

வெந்நீரில் ஊறவைத்து, சைக்கிள் பம்பால் ஊதிப் பூட்டினேன். ஒரே திருப்பு. எலுமிச்சம்பழங்கள் நசுங்கின.

கல்யாணத்தன்று நான்தான் ஓட்டினேன். பின்னால் ஒரு லொறி வளைவுக்கு வளைவு ஹோர்ன் அடித்தது. நான் இரண்டாம் கியரை விடவில்லை. கார் எங்கும் நிற்காமல் ஏறியது.

கோயில் வாசலில் இறங்கிய மணப்பெண், "அண்ணே, இன்னைக்கு பொட்டு பானட்டுல மட்டுந்தானே?" என்று கேட்டாள். தலையாட்டினேன். "இத அப்படியே எழுதித் தாங்கண்ணே, ஆல்பத்துல வைக்கணும்." அதற்கும் தலையாட்டிவிட்டேன். எழுதி முடிக்க இத்தனை நாளாகிவிட்டது.

2025 ஜனவரி 19, ஞாயிற்றுக்கிழமை.