பிசிறில்லாத வளைகோடு

திரையில் தெரிந்த அந்த வளைகோட்டைக் கண்ணை மூடிக்கொண்டும் என்னால் வரைந்துவிட முடியும். ஏறி, இறங்கி, மீண்டும் ஏறிய கோட்டில் எங்கும் ஒரு பிசிறு இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்திருந்த புவிவேதியியல் பேராசிரியர் எங்கள் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகக் கருத்தரங்கில் அதைக் காட்டியபோது அறையே வாய்பிளந்து பார்த்தது. சதுப்புச் சேற்றில் புதைந்துகிடந்த ஆதிகாலச் சிப்பியின் வளர்ச்சி வரிகளை ஒவ்வொன்றாகச் சுரண்டி அளந்திருந்தார். ஆக்சிஜனில் கனமானதும் உண்டு, லேசானதும் உண்டு. மழை கொட்டிய காலத்தில் வளர்ந்த ஓட்டில் லேசானது கூடியிருக்கும். அதை வைத்து, யாரும் எழுதிவைக்காத பருவமழையைப் படித்துவிடலாம் என்றார். தமிழர்தான். பேச்சில் தேன் ஒழுகியது. ஆனால் வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவள் அல்ல நான்.

இந்தக் கனமான, லேசான வகைகளை, அதாவது ஐசோடோப்புகளை, அளக்கும் கருவியோடு தினமும் மல்லுக்கட்டுவதுதான் என் பிழைப்பு. அறையைக் குளிர்விக்கும் ஏர்கான் கொஞ்சம் மக்கர் செய்தாலும் போதும், ஏதாவது ஒரு புள்ளி கூட்டத்தைவிட்டு ஓடிப்போய்த் தனியே நிற்கும். அதனால்தான் மாதிரிகளுக்கு நடுநடுவே, விடை தெரிந்த பளிங்குப் பொடியைப் போட்டு, கருவி உண்மை பேசுகிறதா என்று பார்ப்போம். அவர் அந்த அளவுகளைக் காட்டவே இல்லை. கை தூக்கி, "எத்தனை புள்ளிய நீக்கிட்டீங்க சார்?" என்று கேட்டேன். சிரித்தார். "நல்ல கேள்வி. லஞ்ச்ல பேசலாமே."

தேக்கா உணவங்காடியில் மீன்குழம்பின் முள்ளை நிதானமாக ஒதுக்கியபடி என் ஊர், உறவெல்லாம் விசாரித்தார். புள்ளிகளைப் பற்றி மட்டும் பேச்சே இல்லை. நான் வாயெடுத்தபோது எங்கள் ஆய்வுக்கூடத் தலைவி மேசைக்கடியில் என் காலை மிதித்தார். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்; பேச்சின் முடிவில் ஊர் வழக்கப்படி ஒரு 'லா' ஒட்டிக்கொள்ளும். இந்தப் பேராசிரியரோடு கூட்டாய்வு செய்ய ஆசைப்பட்டவரும் அவர்தான்.

"கெஸ்ட்ட போய் போலீஸ் மாதிரி கேக்குறீங்களே லா," என்றார் திரும்பும் வழியில்.

என் கவலை எனக்கு. ஒப்பந்தம் ஆகிவிட்டால் பேராசிரியரின் சிப்பிகளை அளந்து, அந்த எண்களுக்குப் பொறுப்பேற்க வேண்டியவள் நான்.

ஊர் திரும்பியவர் தன் கட்டுரையின் வரைவை எனக்கே அனுப்பினார். "சும்மா ஒரு பார்வை பாருங்க" என்று ஒரு வரி. பெருந்தன்மையா, பொறியா? நீக்கியவை எவை, ஏன் நீக்கினார், பளிங்குப் பொடி என்ன சொன்னது என்று பக்கம் பக்கமாகக் கேட்டு எழுதினேன். பதில் இல்லை. அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஒரு பதில் வந்திருந்தால் நானே அதை ஊரறியச் சொல்லியிருப்பேன்.

இப்போது கட்டுரை வெளிவந்துவிட்டது. அதே கோடு, அதே வழவழப்பு. முடிவில், தரவுகளைச் சரிபார்த்து உதவியதற்காக எனக்கு நன்றி சொல்லியிருந்தார், முழுப் பெயரோடு. தாளை எடுத்துக்கொண்டு தலைவியின் அறைக்கு ஓடினேன். அவர் ஏற்கெனவே படித்திருந்தார். அன்று காலையே ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

"நீங்கதான செக் பண்ணீங்க?" என்றார். "அப்புறம் என்ன லா சந்தேகம்?"