சங்கக் கட்டடத்துப் பெஞ்சு

சிமெண்டுத் தரையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் ஊர் விவசாயத் தொழிலாளர் சங்கக் கட்டடத்தை இடித்துவிட்டுக் கல்யாண மண்டபம் கட்டலாமா என்று பேசத்தான் அதே கட்டடத்தில் கூடியிருந்தோம். கட்டித் தருவதாகச் சொன்னவர் பழைய மிராசுதாரின் மகன், சிங்கப்பூரிலிருந்து வந்திருந்தார். அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுத் தன் துண்டால் துடைத்தவர் சங்கத்தின் செயலாளர். வெட்கங்கெட்ட மனுஷன்.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது இங்கேதான் கூலிப் பேச்சு நடந்தது. புதுச் சுண்ணாம்பு வாசனை. பெஞ்சின் சிவப்புப் பெயிண்ட் என் பாவாடையில் ஒட்டியது. மிராசுதார் வந்தார், பின்னால் அவர் வீட்டு ஆள் தேக்கு நாற்காலியைத் தலையில் சுமந்து வந்தார். வயல் சேறு காயாத காலோடு அம்மா வாசலை மறித்தாள்.

"நாற்காலி வெளிய இருக்கட்டுங்க. உள்ள பெஞ்சு இருக்கு, ஒக்காருங்க."

எங்களோடு ஒரே பெஞ்சில் உட்கார அவருக்கு உடம்பு கூசியது. பேச்சு முடியும்வரை நின்றார். அவர் வீட்டு வாசலில் காலமெல்லாம் நின்ற எங்கள் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். இந்தச் செயலாளர் அப்போது இளவட்டம். கால்மேல் கால் போட்டிருந்தார்.

"இந்த இடிஞ்ச கட்டடத்துல என்னங்க இருக்கு? ஏசி மண்டபமாவே கட்டித் தர்றேன்" என்று மகன் எழுந்து பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் அவருடைய நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தேன்.

"பேசி முடிச்சிட்டா ஒக்காருங்க. உள்ள பெஞ்சு இருக்கு."

கைதட்டல் நின்றுவிட்டது. தன் அப்பாவைப் போலவே அவரும் உட்காரவில்லை.