கோமதியக்கா கேட்க நினைத்த இன்ஜின்

அன்று காலை நான் முதலில் பார்த்தது, மாடித் தொட்டி நிரம்பி வழிந்து, கடையின் பெயர்ப்பலகை மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்ததைத்தான். மோட்டார் கடை வைத்திருப்பவர்கள் வீட்டுத் தொட்டி வழியக் கூடாது என்பது கோமதியக்காவின் சட்டம். “பஸ்ஸுக்கு நிக்கிறவன் எல்லாம் சிரிப்பான். ஊருக்கே மோட்டார் விக்கிறாங்க, சுவிட்ச நிறுத்தத் தெரில பாருன்னுவான்” என்பார். நான் படியேறிப் போய் சுவிட்சை நிறுத்தினேன். அதன் பிறகுதான் வீட்டுக் கதவு திறந்து கிடப்பதையும் உள்ளே ஒருவரும் இல்லாததையும் கவனித்தேன்.

கீழேயிருந்து பக்கத்து டயர் கடை அண்ணன் கூப்பிட்டார். “மல்லி, கடைய தொறக்காதம்மா. அக்காவ ஆஸ்பத்திரிக்கு தூக்கினு போயிருக்காங்க.”

சிறிது நேரத்தில் கார் திரும்பி வந்தது. அக்காவின் தம்பி சுரேஷ் அண்ணன் இறங்கினார். யார் முகத்தையும் பார்க்காமல், செருப்பில்லாமல், சுவரைப் பிடித்தபடி நின்றார். மாரடைப்பு, அக்கா போய்விட்டார் என்றார்கள். அக்காவுக்கு நாற்பத்து நான்கு வயதுதான். முந்தின நாள் மாலை என்னிடம், “காலைல சீக்கிரம் வா. கொச்சிக்கு போன் போடணும்” என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனவர் அவர். நான் சீக்கிரம்தான் வந்தேன்.

செஞ்சியில் ஆழ்துளைக் கிணற்றுக்கு மோட்டார் வாங்கியவர்களுக்கு அக்காவைத் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காகவும் எழுதுகிறேன். ஒன்பதாம் வகுப்போடு நான் படிப்பை நிறுத்திய வருடம், நைனா என்னை அந்தக் கடையில் கொண்டுபோய் விட்டார். பெருக்க வந்தவள், பிறகு பில் போட ஆரம்பித்தேன். நான் அதிகம் பேச மாட்டேன். வருகிறவர்கள் “இந்தப் பொண்ணுக்குப் பேச்சு வராதா?” என்று கேட்பார்கள். அக்கா கல்லாவிலிருந்தே, “வரும் வரும். சிக்கனம்” என்பார். அதற்கு மேல் என்னைப் பேச வைக்க அவர் முயன்றதில்லை. அது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று அவரிடம் நான் சொன்னதும் இல்லை.

மோட்டார் கேட்டு வருகிறவரிடம் அக்கா முதலில் கேட்பது, “போர் எத்தன அடி?” என்பதுதான். பலரும் குறைத்துச் சொல்வார்கள். ஆழம் கூடினால் மோட்டாரும் பெரிதாக வேண்டும், விலையும் ஏறும். தளவானூரிலிருந்து வந்த ஒரு பெரியவர் முந்நூறு அடி என்றார்.

“பெரிப்பா, போர் போட்ட அன்னிக்கு நானூறு, நானூத்தம்பதுன்னு ஊரெல்லாம் பெருமையா சொன்னீங்களே. மோட்டார் வாங்க வரச்சொல்ல மட்டும் தூந்து போச்சா?”

பெரியவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நானூறுன்னு வெச்சிக்கோயேன்.”

“வெச்சிக்க முடியாது. கயிறு வுட்டுப் பாத்துட்டு வாங்க. நீங்க ஆழத்த மறைச்சா மோட்டார் ஓடும், சத்தம் வரும், தண்ணி மட்டும் வராது. அப்புறம் கோமதி கடை மோட்டாரு சரியில்லன்னு டீக்கடைல சொல்லுவீங்க.”

அவர் போய், அளந்துவிட்டு, மறுநாள் வந்து சரியான மோட்டார் வாங்கிப் போனார்.

சுரேஷ் அண்ணன் புதுச்சேரிக்குப் பக்கத்தில் ஒரு கழிமுகத்தில் படகு விளையாட்டு நடத்துகிறார். அக்காவுக்கும் அதில் பங்கு உண்டு. படகின் பின்னால் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு, காலில் ஒரு பலகையை மாட்டி, தண்ணீர் மேல் நின்றபடி போகிற விளையாட்டு அங்கே இருக்கிறது. வேக்போர்டு என்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடை ஆட்கள் எல்லோரையும் அக்கா அங்கே அழைத்துப்போனார். போனவர், சுடிதார் மேல் மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு தானே தண்ணீரில் இறங்கிவிட்டார்.

படகு கிளம்பியது. அக்கா எழவில்லை. தண்ணீருக்குள்ளேயே கொஞ்ச தூரம் இழுபட்டு, கயிற்றை விட்டார். மறுபடி பிடித்தார். மறுபடியும் அதேதான். பழைய படகு இரைந்தது, புகை விட்டது, அவரைத் தூக்கவில்லை. கரையில் சிலர் சிரித்தார்கள். சுரேஷ் அண்ணன் வேகமாக, “காத்து ஜாஸ்திக்கா இன்னிக்கு” என்றார். எனக்குத் தெரிந்து காற்றே இல்லை. அக்கா உப்புத் தண்ணீரைத் துப்பிவிட்டு, “ஆமாண்டா, புயலு” என்றார்.

திரும்பி வரும்போது காரில் அக்கா என்னிடம் சொன்னார்: “கரைல பாத்தியா? புருஷன் செருப்பையும் புள்ளைங்க துணியையும் புடிச்சினு எத்தன பொம்பளைங்க நின்னாங்க. எல்லாம் என் சைஸு. எறங்கினா தூக்காதுன்னு அவங்களுக்கே தெரியுது.”

அந்தப் பழைய படகை எப்படியும் மாற்ற வேண்டியிருந்தது. புதுப் படகு வெளிநாட்டில் செய்து வர வேண்டும். கொச்சியில் இருக்கும் முகவர் ஜோபி என்பவர் வீடியோ காலில் பேசினார். எந்த இன்ஜின் என்று நாங்கள்தான் சொல்ல வேண்டும். சின்னது, நடுவிலுள்ளது, பெரியது என்று மூன்று இருந்தன.

அக்கா முதலில் கேட்டது, “மைலேஜ் எவ்ளோ குடுக்கும்?”

ஜோபி சிரித்துவிட்டார். “போட்டுக்கு மைலேஜ் இல்ல சேச்சி. மணிக்கு இத்தனை லிட்டர்னுதான் கணக்கு. இதில் வேகமும் வேண்டாம். அலை பெரிசா வரணும்னு போட்டுக்குள்ள பைபையா தண்ணி நிரப்புவோம். அந்த பாரத்தோட ஆளையும் தூக்கணும். இழுவைதான் முக்கியம்.”

“அப்போ பைக்கு இல்ல, டிராக்டர்னு சொல்லு.”

“அதேதான் சேச்சி.”

சுரேஷ் அண்ணன் கலர் விளக்கும் பெரிய ஸ்பீக்கரும் கேட்டார். அக்கா அதையெல்லாம் வேண்டாம் என்றார். மரக்காணம் பக்கம் உப்புத் தண்ணீர் தின்ற மோட்டார்களை அவர் எத்தனையோ பார்த்திருக்கிறார். அதனால், உப்புத் தண்ணீர் இன்ஜினுக்குள் போகாமல் தனித் தண்ணீர் உள்ளே சுற்றுகிற ஏற்பாட்டைக் கட்டாயம் போடச் சொன்னார். அதுவரை எல்லாம் கடையில் நடப்பது போலவே நடந்தது.

பிறகு ஜோபி கேட்டார். “கயிறு பிடிக்கிறவங்கள்ல ரொம்ப எடை யாருக்கு? எவ்வளவு இருக்கும்? எண்பதுக்கு மேலன்னா நடு இன்ஜின் எடுங்க. கீழன்னா சின்னதே போதும்.”

சுரேஷ் அண்ணன், அவர் மனைவி, டயர் கடை அண்ணன், லோடு ஏற்றுகிறவர்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். அக்கா துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டார்.

“அறுவது. அறுவத்திரண்டுன்னு வெச்சிக்கோ.”

சின்ன இன்ஜின் என்று பேசி முடித்தார்கள்.

அவர் இறப்பதற்கு முந்தின மாலை, கடையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். எரிந்துபோன மோட்டார்களிலிருந்து பிரித்த செம்புக் கம்பியை எடை போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா, “அத எறக்கு” என்றார். இறக்கினேன். செருப்பைக் கழற்றிவிட்டுத் தராசுத் தட்டின் மேல் ஏறி நின்றார்.

“இன்னா காட்டுது? நீயே பாத்து சொல்லு.”

எண்பத்து நான்கு என்றேன்.

அக்கா அந்தத் தட்டின் மேல் நின்றபடியே சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். “தளவானூர் பெரிப்பா பாத்தா என்ன செருப்பால அடிப்பாரு. அந்தாள கயிறு வுட்டு அளக்கச் சொல்லிட்டு, நான் இங்க அறுவத்திரண்டாம்.” பிறகு இறங்கி, கல்லாவில் உட்கார்ந்து, நிதானமாகச் சொன்னார்: “நடு இன்ஜின்தான் வேணும் மல்லி. காலைல மொத வேல அதான். எடையையும் சரியா சொல்லிடணும். புது படகு வந்ததும் மொதல்ல நான் ஏறுறேன், அப்புறம் நீ ஏறு.” நான் தலையாட்டினேன். கடையை மூடினோம். அவ்வளவுதான். அதற்கு அடுத்தது தொட்டி வழிந்த காலை.

எப்படி எழுதினாலும் அந்த மாலைக்கும் அந்தக் காலைக்கும் நடுவில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவர் செல்போன் இப்போதும் அடிக்கிறது. மேல்சித்தாமூரிலிருந்தும் அனந்தபுரத்திலிருந்தும் விவசாயிகள் கூப்பிடுகிறார்கள். எடுத்துச் சொன்னால், “வெளாடாதம்மா, போன வாரந்தான் பேசினேன்” என்கிறார்கள்.

மூன்றாம் நாள், பால் தெளித்துவிட்டு எல்லோரும் வீடு திரும்பியிருந்தோம். கூடம் நிறைய உறவினர்கள். நான் தட்டில் டீ எடுத்துப்போய்க்கொண்டிருந்தேன். சுரேஷ் அண்ணனின் போன் அடித்தது. ஜோபிதான். அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது. அண்ணன் அழுததால் போனைப் பக்கத்தில் வைத்து ஸ்பீக்கரில் போட்டார்.

“இந்த நேரத்தில் கேட்கறதுக்கு மன்னிச்சுக்கோங்க. இன்னைக்குள்ள இன்ஜின் எதுன்னு கம்பெனிக்குச் சொல்லணும். அப்புறம் மாத்த முடியாது. சேச்சி சொன்னது சின்னதுதானே?”

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் மனைவியைப் பார்த்தார். அவர் டயர் கடை அண்ணனைப் பார்த்தார்.

“ஆமாப்பா, எங்க எதிர்லதான சொன்னாங்க. அறுவத்திரண்டு கிலோ, சின்ன இன்ஜின்” என்றார் டயர் கடை அண்ணன்.

“அக்கா சொன்னதையே போட்டுடுங்க” என்றார் சுரேஷ் அண்ணன்.

கூடத்தில் இருந்த அத்தனை பேரிடமிருந்தும் அக்கா மறைத்த ஒன்று என்னிடம் இருந்தது. மாலை போட்ட படத்தில் அவர் முகம் மட்டும்தான் தெரிந்தது. பார்க்கிறவர்களுக்கு அறுபத்திரண்டு என்றே தோன்றலாம். நான் பேசாமல் இருந்தால் அவருடைய பொய் காப்பாற்றப்படும். கரையில் துணி பிடித்துக்கொண்டு நிற்கிறவர்கள், புதுப் படகு வந்த பிறகும் அங்கேயே நிற்பார்கள்.

“சரி, அப்போ சின்னதே எழுதிடறேன்” என்றார் ஜோபி.

நான் டீத் தட்டைத் தரையில் வைத்தேன். சுரேஷ் அண்ணன் பக்கத்தில் போய், போனுக்குக் கேட்கும்படி குனிந்து, “அக்கா எண்பத்திநாலு கிலோ. நடு இன்ஜின் போடச் சொன்னாங்க” என்று சொன்னேன்.