கண்ணெதிரே மாறிய புயல் அறிக்கை

தூத்துக்குடியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். புயல் வந்தால் கடலோர மக்கள் எங்கே தங்குவது என்று ஊர் ஊராக எழுதி வாங்கி ஒரே அறிக்கையாக்குவது என் பொறுப்பு. ஒவ்வோர் ஊர்க்காரரும் தங்கள் பகுதியைத் தனி ஃபைலாக எழுதுவார்கள், அடிக்கடி திருத்துவார்கள். வெட்டி ஒட்டியே களைத்துப்போன நான், இந்த முறை எல்லா ஃபைல்களையும் வேர்டில் ஒரே அறிக்கையோடு இணைத்துவைத்தேன். அவர்கள் திருத்தினால் இங்கும் தானாக மாறிவிடும் என்று நம்பினேன்.

அச்சுக்கு அனுப்பப்போகும் நேரத்தில், பெரியதாழைப் பகுதியை எழுதும் ரோஸ்லின் போன் செய்தாள்.

"அக்கா, பள்ளிக்கூடத்துக் கூரை காத்துல போயிட்டுல்லா! மாதா கோயில் மண்டபம்னு மாத்தி எழுதிட்டேன். உங்களுக்கு வந்துட்டா?"

திரையில் பள்ளிக்கூடம் என்றே இருந்தது. பிள்ளைகளோடு ஓடிவருபவர்களைக் கூரையில்லாத கட்டடத்துக்கு அல்லவா அனுப்பியிருப்பேன்!

இணைப்புகளைப் புதுப்பிக்கும்படி வேர்டுக்கு நாம்தான் சொல்ல வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. முழுவதையும் தேர்வுசெய்து எஃப் ஒன்பது விசையை அழுத்தினேன்.

"மாறுதாக்கா?"

"மாறுதுளா ரோஸ்லின்!" என்றேன். பள்ளிக்கூடம் மறைந்து மண்டபம் வந்தது. பொருளடக்கத்தில் பக்க எண்கள் நகர்ந்தன. மற்ற ஊர்க்காரர்கள் செய்திருந்த, எனக்குத் தெரியாத திருத்தங்களும் வந்து நின்றன. கடற்கரை முழுவதும் என் மேஜைக்கு வந்துவிட்டதுபோல் இருந்தது.

இப்போதெல்லாம் அச்சுக்கு முன் புதுப்பித்துவிட்டு, ஊர் ஊராகப் போன் போடுகிறேன். தங்குமிடத்தின் பெயரை அவர்கள் சொல்லச் சொல்ல, திரையில் விரல் வைத்துச் சரிபார்க்கிறேன்.