மீன்வாடையும் மேனேஜரின் மூக்கும்

எங்கள் அப்பா மீன் வெட்டுகிறவர். சந்தைக் கட்டிடத்தின் கடைசி வரிசையில், ஐஸ் உடைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் கடை. இருபத்திரண்டு வருஷமாக அதே இடம், அதே பலகை. ரப்பர் பூட்ஸ் மட்டும் நான்கு முறை மாறியிருக்கிறது. அப்பா பேருந்தில் ஏறினால் உட்கார இடம் தானாகவே கிடைக்கும். பக்கத்தில் இருப்பவர் எழுந்து போய்விடுவார். "பாத்தியா, எவ்வளவு மரியாதை!" என்பார் என்னிடம். விஷயம் அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துகொண்டேதான் ஜன்னலோரமாக நகர்ந்து காலை நீட்டிக்கொள்வார்.

மேனேஜர் எங்கள் நாய். நான்கு வருஷத்துக்கு முன்னால் ஐஸ் வண்டியின் பின்பக்கத்திலிருந்து குதித்து இறங்கினான். யார் ஏற்றிவிட்டார்கள் என்று வண்டிக்காரருக்கே தெரியாது. முதல் நாள் ஒவ்வொரு கடையாக நின்று பார்த்தான். எதையும் தொடவில்லை. எல்லாவற்றையும் சந்தேகமாக முகர்ந்துவிட்டு, மத்தியானம் நடுவழியில் படுத்துத் தூங்கினான். அதனால் அந்தப் பெயர். ஒரு காது நிமிர்ந்திருக்கும், மற்றது மடிந்திருக்கும். என்ன ஜாதி நாய் என்று யாராவது கேட்டால் அப்பா, "ரெண்டு மூணு கலந்திருக்கு, நல்லதா பாத்துக் கலந்திருக்காங்க" என்பார்.

அப்பாவை நாய்ப் போட்டிக்கு இழுத்துவிட்டவர் பல் டாக்டர். வாரம் ஒருமுறை மீன் வாங்க வருவார். கூடவே ஷாம்பு போட்டுக் குளித்த, பொன்னிற முடி தொங்கும் நாய் ஒன்று வரும். அது கயிற்றோடு அவரையும் இழுத்துக்கொண்டு எங்கள் பலகைமேல் பாயும். மேனேஜரோ அதே பலகைக்குக் கீழே, மூக்குக்கு நேரே மீன்தலை தொங்க, சிலை மாதிரி உட்கார்ந்திருப்பான்.

"இதை யாருங்க பழக்கினது?" என்று டாக்டர் வாயைப் பிளந்தார்.

"யாரும் பழக்கலைங்க. எடுக்காதன்னு சொன்னேன். எடுக்கல."

"ஒரு தடவை சொன்னீங்களா?"

"ரெண்டாவது தடவை சொன்னா அவனுக்குக் கோபம் வரும்."

டாக்டர்தான் ஊர் நாய்ப் பயிற்சிக் கழகத்தின் செயலாளர். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நீச்சல்குளத்துக்குப் பின்னால் உள்ள புல்வெளியில் கூடுவார்கள். அப்பா போன முதல் நாளே கழகத்துக்கு அவரைப் பிடித்துப்போனதா என்று கேட்டால், சொல்வது கடினம். மற்றவர்கள் எல்லாம் நாயின் காதில் ரகசியம் சொல்வதுபோல "உக்காரு" என்றார்கள். அப்பா சந்தையில் கூவுகிற குரலில், "உக்காரு!" என்றார். மேனேஜர் உட்கார்ந்தான். வரிசையில் நின்ற இன்னும் ஏழு நாய்களும் உட்கார்ந்தன. ஒரு அம்மாவும் உட்கார்ந்துவிட்டார்.

கயிறில்லாமல் கூடவே நடப்பது, எஜமான் கண்ணுக்கு மறைந்த பிறகும் படுத்த இடத்தைவிட்டு அசையாமல் இருப்பது எல்லாம் மேனேஜருக்குத் தண்ணீர்பட்ட பாடு. அடுத்தது வாசனைத் தேர்வு. அச்சில் வார்த்ததுபோல ஒரே மாதிரி பன்னிரண்டு மரக்கட்டைகள். அடியில் எண் போட்டிருக்கும். பதினொன்றை இடுக்கியால் எடுத்துப் புல்லில் பரப்புவார்கள். ஒன்றை மட்டும் எஜமான் கையில் கொடுத்து உள்ளங்கையால் தேய்க்கச் சொல்வார்கள். அதையும் இடுக்கியால் வாங்கி நடுவில் எங்கோ வைப்பார்கள். பிறகு எஜமான் ஒரே ஒரு தடவை "தேடு" என்று சொல்லலாம். நாய் போய் முகர்ந்து, எஜமானின் கை பட்ட கட்டையை எடுத்து வரவேண்டும். மூன்று போட்டிகளில் தேறினால் பட்டம்.

முதல் இரண்டிலும் மேனேஜர் நேராகப் போனான், எடுத்தான், வந்தான். மற்ற நாய்கள் புல்லைச் சல்லடை போட்டுத் தேடிக்கொண்டிருக்க, இவன் வீட்டு அலமாரியிலிருந்து எடுப்பதுபோல எடுத்து வந்தான். அப்பா முதல் சான்றிதழைக் கடையில் தராசுக்கு மேலே மாட்டினார். மீன் வாங்க வந்தவர்கள் எல்லாரும் அதைப் படித்தே ஆகவேண்டும். படிக்காதவர்களுக்கு அவரே படித்துக் காட்டினார்.

இங்கேதான் நான் வருகிறேன். வராமலிருந்திருக்கலாம்.

இரண்டாவது போட்டி முடிந்து எல்லாரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். கட்டைகள் இன்னும் புல்லில் கிடந்தன. எனக்குக் கை கால் சும்மா இருக்காது. பள்ளிக்கூடத்தில் என்னைப் பாதியில் அனுப்பிவிட்டதற்குப் பாதிக் காரணம் கணக்கு, மீதிக் காரணம் அதுதான். துப்பட்டாவால் கண்ணைக் கட்டிக்கொண்டு நான்கு காலில் தவழ்ந்து போனேன். ஒவ்வொரு கட்டையாக முகர்ந்தேன். எட்டாவதை வாயில் கவ்விக்கொண்டு வந்து, அப்பா முன்னால் உட்கார்ந்து, குரைத்தேன். அப்பா தேய்த்த கட்டை அதேதான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்பா இருமி இருமிச் சிரித்தார்.

பல் டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. கட்டையை வாங்கி மூக்கருகே வைத்துப் பார்த்தார்.

"என்னங்க இது, எனக்கே தெரியுதே. மீன்!"

"என் கை வாசனைங்க அது."

"உணவு வாசனை இருக்கக்கூடாதுன்னு விதி இருக்கே. நாய் உங்களைத் தேடுதா, மதியச் சாப்பாட்டைத் தேடுதா?"

"டாக்டர், இருபத்திரண்டு வருஷமாச்சு. எது மீன், எது நான்னு பிரிக்க முடியாதுங்க."

சுற்றி நின்றவர்கள் மறுபடி சிரித்தார்கள். ஆனால் இந்தத் தடவை அப்பா சிரிக்கவில்லை. கழகம் கூடிப் பேசி முடிவெடுத்தது. மூன்றாவது போட்டிக்கு அப்பா மீன்வாடை இல்லாமல் வரவேண்டும். நாய் சரியாக எடுத்தால் பழைய இரண்டும் செல்லும். எடுக்காவிட்டால் அவையும் ரத்து.

அன்று பேருந்தில் அப்பாவுக்குப் பக்கத்தில் வழக்கம்போல இடம் காலியானது. அவர் நகர்ந்து உட்காரவில்லை. நான் உட்கார்ந்தேன்.

எங்கள் வீட்டில் மன்னிப்பை வாயால் கேட்கிற பழக்கம் இல்லை. மறுநாள் விடியற்காலை நான் பூட்ஸை மாட்டிக்கொண்டு நின்றேன். "போட்டி வரைக்கும் மூணு வாரம் நானும் அம்மாவும் கடையப் பாத்துக்கறோம். நீ வீட்ல உக்காந்து மணக்காம இரு" என்றேன்.

பல் டாக்டர் நல்ல மனிதர்தான். தன் கிளினிக்கில் கை கழுவும் வாசனையில்லாத சோப்பை ஒரு டப்பா கொடுத்தனுப்பினார். அப்பா ஒரு நாளைக்கு நான்கு முறை குளித்தார். நகத்தை ஒட்ட வெட்டினார். முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் வாரம் தெருப்பூனைகள் அவரைத் திரும்பிப் பார்ப்பதை நிறுத்தின. பேருந்தில் ஒரு பெரியவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, தோளில் சாய்ந்து தூங்கியும் விட்டாராம். அதை அப்பா வந்து சொன்னபோது பெருமைப்பட்டாரா, வருத்தப்பட்டாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

அம்மா மட்டும் காலையில் முணுமுணுத்தாள். "யாரோ வாடகைக்கு வந்த ஆள் மாதிரி இருக்கு. சீக்கிரம் அந்தப் போட்டியை முடிச்சுத் தொலைங்க."

இரண்டாம் வாரக் கடைசியில் வீட்டுப் பின்புறம் ஒத்திகை வைத்தோம். நான் கிட்டே போகக்கூடாது என்பதால் மாடிப்படியில் நின்று பார்த்தேன். அப்பா ஒரு கட்டையைத் தேய்த்தார். அம்மா, பிளாஸ்டிக் பையைக் கையில் சுற்றிக்கொண்டு, இடுக்கியால் எல்லாவற்றையும் பரப்பினாள்.

"தேடு!"

மேனேஜர் போனான். முகர்ந்தான். திரும்பி அப்பாவைப் பார்த்தான். மறுபடி முகர்ந்தான். கடைசியில் பன்னிரண்டுக்கும் நடுவே உட்கார்ந்து கொட்டாவி விட்டான். இரண்டாம் தடவை ஏதோ ஒன்றை எடுத்து வந்தான். தப்பு. மூன்றாம் தடவை அம்மாவின் செருப்பை எடுத்து வந்தான்.

"அதுல மீன் செதில் ஒட்டியிருந்திருக்கும்" என்றாள் அம்மா, அவசரமாக. சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக்கூடாது என்று அவளுக்கே தோன்றியிருக்கவேண்டும்.

அப்பா படியில் உட்கார்ந்தார். உள்ளங்கையை மூக்கில் வைத்து மோந்தார்.

"ஒண்ணுமே இல்லடி. ஒருத்தன்கிட்ட ஒண்ணுமே இல்லேன்னா மேனேஜர் எதைத் தேடுவான்?"

மூன்றாம் வாரம் முழுக்க ஒத்திகை நடந்தது. பத்துக்கு நான்கு முறை சரியாக எடுத்தான். சில நாள் ஐந்து. போட்டிக்கு முதல்நாள் நான் கடையிலிருந்து வந்து, தள்ளி நின்றுகொண்டே சொன்னேன். "அப்பா, ஒரே ஒரு செதில். நகத்துக்கு அடியில வெச்சுக்கோ. டாக்டர் மூக்குக்கு எட்டாது, மேனேஜருக்கு எட்டும். ஆயுசுக்கும் யாருக்கும் தெரியாது."

இந்த மாதிரி யோசனைகளை அப்பா சாதாரணமாக ரசிப்பார். அன்று ரசிக்கவில்லை.

"பட்டம் கிடக்கட்டும்டி. நாலு வருஷமா நான் வந்தா வாலாட்டறான். எனக்கு ஆட்டறானா, மீனுக்கு ஆட்டறானான்னு எனக்குத் தெரியணும்."

ஞாயிற்றுக்கிழமை கடையில் கூட்டம் அதிகம். அம்மா, "நீ ஓடு, நான் பாத்துக்கறேன்" என்று என்னைத் துரத்தினாள். நான் கையைக்கூடச் சரியாகக் கழுவாமல், பூட்ஸோடு ஓடினேன். நீச்சல்குளம் போய்ச் சேர்ந்தபோது அப்பாவின் முறை வந்துவிட்டது. வெளியூரிலிருந்து வந்திருந்த நடுவரம்மா அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் அப்பாவின் கையை அம்மா தவிர வேறு யாரும் அவ்வளவு கிட்டே கொண்டுபோய் நான் பார்த்ததில்லை. நடுவரம்மா தலையசைத்தார். பல் டாக்டரும் மோந்துவிட்டுத் தலையசைத்தார்.

களத்தைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்த ஓரத்தில் நான் முன்வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்தேன். மூன்று வாரமாக மீன் வெட்டியவள் காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று யோசித்திருக்கவேண்டும். யோசிக்கவில்லை.

அப்பா கட்டையைத் தேய்த்தார். தேய்த்தார் என்றால், மாவு பிசைவதுபோலத் தேய்த்தார். நடுவரம்மா, "போதுங்க" என்று சொல்லவேண்டியிருந்தது. கட்டைகளை இடுக்கியால் பரப்பி முடித்ததும் அப்பா மேனேஜரைப் பார்த்தார். சந்தைக் குரல் வரவில்லை. கெஞ்சுவதுபோல, "தேடு" என்றார்.

மேனேஜர் புறப்பட்டான். கட்டைகளுக்கு நடுவே நுழைந்தான். இரண்டை முகர்ந்தான். சட்டென்று தலையைத் தூக்கினான். மூக்கு துடித்தது. கட்டைகளைத் தாண்டி நேராக என்னை நோக்கி நடந்து வந்தான்.

என் பூட்ஸின் அடியில், பள்ளத்தில், ஒரு மீன்வால் சிக்கியிருந்தது. அப்போதுதான் பார்த்தேன். மேனேஜர் கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு முழத் தூரத்தில் நின்றான். பார்வையாளர் ஒரு சத்தம் கொடுத்தாலும் நாய்க்கு உதவியதாகிவிடும். வாழ்க்கையில் முதல்முறையாக எனக்குச் சொல்ல நிறைய இருந்தது, ஒன்றும் சொல்லக்கூடாது. கை இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டேன். 'போடா எருமை, போ. என்கிட்ட என்ன இருக்கு? போ' என்று மனசுக்குள் கத்தினேன். அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

மேனேஜர் என் பூட்ஸை முகர்ந்தான். நிதானமாக, சந்தையில் முதல் நாள் செய்ததுபோல, கணக்குப் பார்க்கிறவன் மாதிரி முகர்ந்தான். பிறகு ஒரு தும்மல் போட்டான். திரும்பினான். கட்டைகளிடம் போய் முதலிலிருந்து ஆரம்பித்தான். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவதில் நின்றான். தாண்டிப் போனான். ஒன்பது வரை போய், மறுபடி நான்காவதுக்கு வந்தான். எடுத்தான்.

அப்பா முன்னால் வந்து உட்கார்ந்தான், வாயில் கட்டையோடு.

அப்பா அப்படியே நின்றார். "குடு" என்று சொல்லி வாங்கவேண்டும். அவருக்கு அது மறந்தே போய்விட்டது. நாய் காத்திருந்தது. நாங்கள் எல்லாரும் காத்திருந்தோம். கடைசியில் நடுவரம்மாவே, "ஐயா, வாங்கிக்கோங்க" என்றார். அப்பா வாங்கிக் கொடுத்ததும் நடுவரம்மா கட்டையைத் திருப்பி எண்ணைப் பார்த்தார். தன் குறிப்பேட்டையும் பார்த்தார்.

"சரியானதுதான்."

திசைமாறிப் போனதற்கு இருபது மதிப்பெண் போனது. எஜமான் கட்டளை கொடுக்க மறந்ததற்கு இன்னும் கொஞ்சம். நூற்றுக்கு எழுபது எடுத்தால் தேர்ச்சி. எழுபத்தொன்று வந்தது. என் ஆயுளில் நான் பார்த்த மிக அழகான மதிப்பெண் அதுதான். நானே அதுவரை எடுத்ததில்லை.

பல் டாக்டர் கைகொடுக்க வந்தார். கொடுத்த கையை விடாமல் இன்னொரு முறை மோந்து பார்த்தார். "நிஜமாச் சொல்றேன், எனக்கு ஒண்ணுமே தெரியலையே. எதை வெச்சுக் கண்டுபிடிச்சான்?"

"உங்களுக்கு எதுக்குங்க தெரியணும்?" என்றார் அப்பா. மேனேஜரைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். அவன் எடை இருபத்தைந்து கிலோ. பேருந்து நிறுத்தம் வரை இறக்கவே இல்லை. பேருந்தில் எங்கள் இருவருக்கும் தாராளமாக இடம் கிடைத்தது. இந்தத் தடவை அதற்குக் காரணம் நான்.

மறுநாள் கடைக்கு வந்தார். பூட்ஸை மாட்டினார், ஏப்ரனைக் கட்டினார், ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு உள்ளங்கைகளையும் மேல்நோக்கித் தொடையில் வைத்துக்கொண்டார்.

"என்னங்க, கையில பெயின்ட்டா காயுது?" என்றாள் அம்மா.

"இன்னிக்கு ஒரு நாள் இருக்கட்டும்டி."

"அப்ப வெட்டறது யாரு?"

நான் கத்தியை எடுத்தேன். மூன்று வாரமாகப் பயந்து பயந்து வெட்டியவளுக்கு, பின்னாலிருந்து ஒருவர், "சாய்ச்சுப் பிடி, வயித்துப் பக்கம், வயித்துப் பக்கம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தால் கை எப்படி வரும்? முதல் மீன் கோணலாக வந்தது. இரண்டாவதை வாங்கிய வாடிக்கைக்காரப் பாட்டி, "இது வெட்டினதா, மேல வண்டி ஏறினதா?" என்று கேட்டார். அப்பா பல்லைக் கடித்துக்கொண்டார். உள்ளங்கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மூன்றாவது மீனின் தலையை நான் தொட்டதும் அவரால் தாங்கமுடியவில்லை.

எழுந்தார். குனிந்து, பலகைக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்த மேனேஜரின் மூக்குக்கு நேரே கையைக் காட்டினார். அவன் கண்ணைத் திறக்கவில்லை. வாலை மட்டும் தரையில் ஒருமுறை தட்டினான். அது போதும்போல. அப்பா இரண்டு கைகளையும் முழங்கை வரை ஐஸ் தொட்டிக்குள் விட்டார்.

"தள்ளுடி அந்தப் பக்கம்" என்றார். "செத்ததை இன்னும் எத்தனை தடவை கொல்லுவ?"