கேஜுக்குள் போன மாலை

வாசகரே, நீங்கள் சாட்சியாக மட்டும் நில்லுங்கள். குற்றத்தை நானே சொல்லிவிடுகிறேன்.

பெங்களூருக்குத் தினமும் ரயிலேறிச் சென்று பார்த்த வேலையை விட்டுவிட்டு, பூதிகோட்டையில் பசுமைக்குடில் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்துக் குடைமிளகாய் பயிரிட்டிருந்தாள் என் அக்கா. முதல் பயிர் தவறினால் மீண்டும் அந்த ரயில்தான். குடிலின் வாசலில் இரண்டு கதவுகள். பூச்சி உள்ளே வராதிருக்க, ஒன்றைச் சாத்திய பிறகே மற்றதைத் திறக்கலாம். இடையிலிருந்த சிற்றறைக்கு, எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தில் ஆளிறக்கிய கூண்டின் பெயரையே வைத்தோம்: கேஜ். வெளியிலிருந்து வருகிறவர் அங்கே சட்டை மாற்றிக்கொண்டே உள்ளே நுழைய வேண்டும்.

ஆண்டர்சன்பேட்டை சபை மண்டபத்தில் பட்டிமன்றம் வென்ற மதியம், கழுத்தில் சாமந்தி மாலையோடு நேரே அங்கே போனேன். சட்டை மாற்றினால் மாலையைக் கழற்ற வேண்டுமே! இரண்டு கதவுகளையும் தள்ளித் திறந்தபடி நுழைந்தேன்.

“இன்னாடா, மாப்பிள்ளையாட்டம் வர்ற? பொண்ணு எங்க?” என்று சிரித்த அக்கா, உடனே முகம் மாறி, “மாலைய வெளிய வெச்சுட்டு வா, போ” என்றாள்.

“ஆகட்டும்க்கா” என்றேன். அவள் திரும்பியதும், வேலைக்காரப் பெண்கள் பார்க்கட்டும் என்று மூன்றாம் வரிசைக் கம்பத்தில் மாட்டினேன். மாட்டியதை மறந்தும் போனேன்.

பத்தே நாளில் அந்தக் கம்பத்தடிச் செடிகளின் கொழுந்து சுருண்டது. பூவைத் தட்டினால் உள்ளங்கையில் நூலிழைபோல் கறுப்பாகப் பூச்சிகள் நெளிந்தன. அயல்நாட்டிலிருந்து வந்து மிளகாய்த் தோட்டங்களைத் தின்றுகொண்டிருந்த இலைப்பேன் அது. மிளகாயோ சாமந்தியோ, பூவுக்குள் பதுங்கி வாழ்வது. மருந்தடித்தோம். பூச்சி ஒட்டிக்கொள்ளும் நீல அட்டைகளைத் தொங்கவிட்டோம். அட்டைகள் கறுத்தன, பூச்சி குறையவில்லை.

“காத்துல வந்திருக்கும்க்கா. வலை கிழிஞ்சிருக்கும். நாத்துலயே இருந்திருக்கலாம்...”

“மணி அடிச்சாச்சு. மேடைய விட்டு எறங்குடா” என்றாள் அக்கா, கம்பத்தில் காய்ந்து தொங்கிய மாலையைப் பார்த்தபடி.

அதற்குப் பிறகு ஒரே வழிதான் இருந்தது. காய்த்த செடிகளை வேரோடு பிடுங்கிப் பைகளில் திணித்து, வாய் கட்டி, வெயிலில் அடுக்கினோம். குடிலை இறுக மூடி, உள்ளே சூடேறவிட்டோம். பச்சையாக எதுவும் மிஞ்சவில்லை.

“பக்கத்துக் குடிலுக்காரங்க கேட்டா இன்னா சொல்றது?” என்றாள் வேலைக்காரப் பெண் ஒருத்தி.

“வெயிலுக்கு வாடிப்போச்சுன்னு சொல்லுங்க” என்றாள் அக்கா, என்னைப் பார்க்காமல்.

அந்தப் பொய் எனக்காக. எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன்:

“வேணாம்க்கா. நாளைக்குக் காலையில ஒவ்வொரு குடிலுக்கும் போறேன். வாசலுக்கு வெளியவே நின்னு, பூச்சிய உள்ள கொண்டாந்தது நான்தான், உங்க செடியப் பாத்துக்கோங்கன்னு சொல்றேன். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேச மாட்டேன்.”