உள்ளே ஒண்ணும் இல்ல சார்

லுங்கியை அவிழ்த்துப் போட்டு, இஸ்திரி போட்ட பேண்ட்டை மாட்டி, சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்ட பிறகுதான் தீனதயாளன் கஸ்டமர் கேருக்குப் போன் போடுவார். அந்தப் பக்கம் பேசுகிறவன் தன்னைப் பார்க்கப் போவதில்லை என்பது அவருக்கும் தெரியும். "அதுக்காவ? ஆபீசருகிட்ட லுங்கியோட நின்னுகினா பேசுவாங்க?" என்பார். நாற்காலி பக்கத்திலேயே இருக்கும், உட்கார மாட்டார். திருத்தணியில் தன் வீட்டுக் கூடத்தில், டிவிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, 'காத்திருக்கவும்' என்று சொல்லிவிட்டு அவர்கள் போட்டுவிடும் பாட்டை அசையாமல் கேட்டுக்கொண்டிருப்பார். தேசிய கீதத்துக்குக்கூட அவர் இவ்வளவு விறைப்பாக நின்று கோமளவல்லி பார்த்ததில்லை.

கோமளவல்லி அவர் மனைவி. பின்னறையில் மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி ஆரி வேலை செய்கிறவள். கல்யாணப் பெண்களின் ஜாக்கெட்டில் ஜரிகையும் மணியும் வைத்துத் தைத்துக் கொடுக்கிறாள். ஆர்.கே.பேட்டை, அம்மையார்குப்பம் பக்கமிருந்தெல்லாம் டவுன் பஸ் ஏறி வந்து துணி கொடுத்துவிட்டுப் போகிறார்கள். பிரிண்டர் வாங்கியது அவளுடைய சம்பாத்தியத்தில், அவளுடைய வேலைக்காக. துணியில் படியெடுக்க வேண்டிய டிசைனைத் தாளில் எடுக்கச் சொல்லிக் கடைவீதி ஜெராக்ஸ் கடைக்காரனிடம் கொடுத்தால், தாளுக்குள் அடங்க வேண்டும் என்று அவனாகவே சுருக்கிவிடுவான். போன தை மாதம் ஒரு பெண்ணுக்கு வலது கையில் அன்னமும் இடது கையில் கோழிக்குஞ்சுமாக வந்து, மொத்தத்தையும் பிரித்துத் தைக்க வேண்டியதாயிற்று. அன்றைக்குத்தான் முடிவு செய்தாள், சொந்தமாக ஒன்று வாங்கிவிடுவது என்று.

வாங்கினாள். அது கூடத்தில் உட்கார்ந்தது. "நாலு பேரு வந்தா கண்ணுல படணும்" என்று தீனதயாளன் அதை ஷோகேசுக்கு மேல் ஏற்றி, பூப்போட்ட துணியால் மூடினார். "கரண்டு சாமான், நீ கை வெக்காத" என்று உத்தரவும் போட்டார். வீட்டில் ஃபியூஸ் போனாலே மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு எலக்ட்ரீஷியன் வரும் வரை நிற்கிற மனிதர் அவர் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

பெட்டியைப் பிரித்து, ஒட்டியிருந்த டேப்புகளை உரித்ததோடு அவர் நிறுத்தியிருந்தால், அவரைப் பற்றி எழுத ஒன்றும் இருந்திருக்காது. ஆனால் திருத்தணியில் புதிதாக எது வாங்கினாலும் மலைக்குப் போய்வராமல் ஓடாது. கார், பைக், ஆட்டோ, டிராக்டர், நெல் அறுக்கிற மிஷின் எல்லாமே ஏறி இறங்கும் மலை அது. பிரிண்டர் மட்டும் என்ன பாவம் செய்தது? மை ஊற்றுவதற்கு முன்பே அதை மொபெட்டின் முன்னால் வைத்து, கயிறு போட்டுக் கட்டி, மலை ஏற்றிவிட்டார். மாலை போட்ட ஒரு டிராக்டருக்கும் புது லோடு ஆட்டோவுக்கும் நடுவே அந்த வெள்ளைப் பெட்டி வரிசையில் நின்றது. குருக்கள் ஒரு நிமிஷம் அதை உற்றுப் பார்த்தார். பிறகு எல்லாவற்றுக்கும் வைப்பது போல அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்து, கதம்பம் சுற்றி, விபூதிப் பொட்டலத்தைக் கையில் கொடுத்து அனுப்பினார்.

வீட்டுக்கு வந்தும் தீனதயாளனுக்கு மனசு ஆறவில்லை. பிரிண்டரின் பின்பக்கம், தாள் நுழைகிற வாயைத் திறந்து, "முருகா" என்று சொல்லிப் பொட்டலத்தை அப்படியே உள்ளே தட்டினார். மேலே சுற்றியிருந்த பூவிலும் கொஞ்சம் கிள்ளிப் போட்டார்.

"இன்னாங்க, உள்ள போயி கொட்டிகினு கீறீங்க?" என்றாள் கோமளவல்லி.

"மேல வெச்சா மேலயே நின்னுடும். உள்ள போனாத்தான் மிசினுக்குப் புடிக்கும். சாமி காரியத்துல வாய வெக்காத."

பிறகு மை ஊற்றினார். சுவிட்சைப் போட்டார். கைப்பேசியில் இறக்கிய செயலி, அவர் இருக்கும் இடத்தைக் கேட்டது, அவருடைய தொடர்பு எண்களைக் கேட்டது, படங்களைக் கேட்டது. ஒரு பிரிண்டருக்கு இதெல்லாம் எதற்கு என்று அவர் கேட்கவில்லை. கேட்டதற்கெல்லாம் அனுமதி கொடுத்தார். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்ட பிரிண்டர், உறுமியது, தாளைத் தொட்டது, வழுக்கியது, விட்டுவிட்டது. சிவப்பு விளக்கு எரிந்தது. அன்றைக்குப் பேண்ட்டை மாட்டியவர்தான்.

போன் போட்டால், ஆங்கிலத்துக்கு இந்த எண், தமிழுக்கு இந்த எண் என்று சொல்வார்கள் அல்லவா? தீனதயாளன் ஆங்கிலத்தைத்தான் அமுக்குவார். "தமிழ அமுக்கினா லோக்கல் ஆளுன்னு நெனச்சி அலைய வுடுவான்" என்பது அவர் கணக்கு. அவர் கையிருப்பில் உள்ள ஆங்கிலம் ஐந்தே ஐந்து: எஸ் சார், ஓகே சார், டன் சார், நத்திங் சார், தேங்க்யூ சார். இந்த ஐந்தையும் வைத்துக்கொண்டு அவர் நடத்திய உரையாடல்களைக் கோமளவல்லி பின்னறையிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பாள். பின்பக்க மூடியைக் கழற்றிப் பாருங்கள் என்று அங்கே சொல்வார்கள். "டன் சார்." கை பேண்ட்டின் மடிப்பை நீவிக்கொண்டிருக்கும். உருளையைத் துடைத்தீர்களா? "டன் சார்." இரண்டு அடி தள்ளியிருக்கும் பிரிண்டரை அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். உள்ளே ஏதாவது பொருள் விழுந்திருக்கிறதா? "நத்திங் சார். உள்ள ஒண்ணும் இல்ல சார்."

"அதான் அம்மாம் விபூதி கெடக்குதே, சொல்றதுதான?" என்று ஒருநாள் கேட்டுவிட்டாள்.

"விபூதி ஒரு பொருளாடீ? மலை விபூதி விழுந்து கெட்டுப்போச்சின்னு என் வாயால சொல்லணுமா? அதுவும் இல்லாம, உள்ள போட்டம்னு சொன்னா வாரண்டி பூடும்."

இரண்டில் எது உண்மையான காரணம் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். இரண்டுமே இல்லை. அவர் ஓர் அரசு அலுவலகத்தில் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். விளக்கம் சொல்கிறவனைப் பக்கத்து ஜன்னலுக்குத் துரத்துவதும், 'ஆகட்டும் சார்' என்று நிற்கிறவனுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதும்தான் அவர் பார்த்த உத்தியோகம். "சீட்ல ஒக்காந்துகினு கீறவனுக்கு எதிர்த்துப் பேசினா புடிக்காது. ஒக்காந்தவன் நானு, எனக்குத் தெரியாதா?" என்று அவரே சொல்லியிருக்கிறார். இன்றைக்கு ஜன்னலுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டார். தான் மற்றவர்களிடம் வாங்கிய மரியாதையை எல்லாம், முகம் தெரியாத பையன்களுக்கு வட்டியோடு திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். அதில் ஒரு சிட்டிகை வீட்டுக்குள் வந்திருந்தால் கோமளவல்லி சந்தோஷப்பட்டிருப்பாள். ரசத்தில் உப்புக் குறைந்தால் வீதி வரைக்கும் கேட்கிற குரல்தானே இதுவும்?

அந்தக் கம்பெனிக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஒவ்வொரு முறையும் ஒரு புதுக் குரல் வரும். பெயர் என்ன, ஊர் என்ன, வீட்டில் மின்சாரம் இருக்கிறதா என்று முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஒருநாள், ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். புருஷனும் பெண்டாட்டியும் காலையிலிருந்து கதவை அகலத் திறந்து வைத்துக் காத்திருந்தார்கள். சாயந்திரம் குறுஞ்செய்தி வந்தது: எங்கள் பொறியாளர் வந்தார், கதவு பூட்டியிருந்தது, புகார் முடிக்கப்பட்டது. தீனதயாளன் எழுந்து போய் வாசல் கதவின் தாழ்ப்பாளைப் பரிசோதித்தார். "ஒருவேள காத்துல சாத்திக்கிச்சோ இன்னாவோ. அவங்க பொய்யா சொல்லப் போறாங்க?"

இந்தக் கூத்தெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதுதான் அம்மையார்குப்பத்திலிருந்து பிரேமா வந்தாள். மகள் மோகனப்ரியாவுக்குக் கல்யாணம். இரண்டு கையிலும் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி அன்னம், அதுவும் மகள் போனில் அனுப்பிய அதே அன்னம், அதே அளவு. கையால் வரைகிற சமாசாரம் இல்லை அது. துணியைக் கொடுத்துவிட்டுப் போனவள், மறுபடி வந்து பார்த்தபோது சட்டத்தில் ஒரு பூகூட ஏறவில்லை.

"வெள்ளிக்கிழம ஆரம்பிக்கலன்னா அரக்கோணத்துல குடுத்துடுவேங்க்கா. கோவிச்சிக்காதீங்க, பொண்ணு அயுவுது."

கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது? ஆனால் அரக்கோணத்துக்குப் போவது ஒரு ஜாக்கெட்டோடு நிற்காது. பிரேமாவின் தெருவில் வீட்டுக்கு வீடு தறி, வீட்டுக்கு வீடு பெண். 'கோமளா அக்காவா? அவங்க லேட்டு பண்ணுவாங்க' என்று ஒரு வாய் சொல்லிவிட்டால் அந்த பஸ்ஸில் இனி யாரும் இவளைத் தேடி ஏற மாட்டார்கள். இத்தனை வருஷமாக ஊசிமுனையில் சேர்த்த பேர், ஷோகேஸ் மேல் பூத்துணி போர்த்திக்கொண்டிருக்கும் ஒரு பெட்டியின் தயவில் நின்றது.

வியாழக்கிழமை காலை மறுபடி கூடத்திலிருந்து குரல் கேட்டது. "நத்திங் சார். உள்ள ஒண்ணும் இல்ல சார்." கோமளவல்லி ஊசியைத் துணியில் குத்திவிட்டு வந்தாள். அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கி அணைத்தாள். மறுபடி போட்டு, தமிழை அமுக்கினாள். அவர் உட்காராத அந்த நாற்காலியில் நைட்டியோடு காலை மடித்து உட்கார்ந்துகொண்டாள். ஷோபனா என்று ஒரு பெண் பேசினாள்.

"பிரிண்டர் உள்ள ஏதாச்சும் விழுந்திருக்கா மேடம்?"

"விழலம்மா. எங்க வூட்டுக்காரரு கொட்டினாரு."

"என்னது மேடம்?"

"விபூதி. மலைக்கோயில் விபூதி, ஒரு பொட்டலம். பூவும் போட்டுகீறாரு."

தீனதயாளன் கண்ணை மூடிக்கொண்டார். போனில் ஒரு செருமல் கேட்டது. சிரிப்பை அடக்குகிறாள் என்று கோமளவல்லிக்குப் புரிந்தது.

"எங்க ஆபீஸ் கம்ப்யூட்டருக்கும் ஆயுதபூஜைக்குப் பொட்டு வெப்போம்க்கா. வெளியதான் வெப்போம்" என்றாள் ஷோபனா. "பரவால்ல. பிளக்கைப் புடுங்கிட்டு, பின்னாடி மூடியத் தெறங்க. பஞ்சு பிரியாத துணி இருக்கா?"

துணிக்கா பஞ்சம்? ஜாக்கெட் லைனிங்கில் வெட்டிய துண்டை நனைத்துப் பிழிந்து, ஷோபனா சொல்லச் சொல்ல, உருளைகளை விரலால் உருட்டி உருட்டித் துடைத்தாள். துணி வெள்ளை வெளேரென்று வந்தது. இடுக்கிலிருந்து காய்ந்துபோன மரிக்கொழுந்து ஒன்றும் வந்தது.

"பாத்து, பாத்து. பிரசாதம், குப்பையில போட்டுடாத" என்றார் தீனதயாளன். துணியில் ஒட்டியதை ஒரு விரலால் தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டார்.

பிளக்கைச் செருகினாள். பிரிண்டர் உறுமியது. இந்த முறை தாளைக் கவ்வி இழுத்தது. ஒரு அன்னம் வந்தது, அதைப் பார்த்தபடி இன்னொரு அன்னம் வந்தது. கோமளவல்லி டேப்பை எடுத்து இரண்டையும் அளந்தாள். அலகிலிருந்து வால் வரை நூலளவு வித்தியாசமில்லை. போனில் ஷோபனாவிடம் "நீ நல்லா இரும்மா" என்றாள்.

"இவ்ளோதான் மேட்டரு" என்றார் தீனதயாளன். "மொதல்லயே இந்தப் பொண்ணு கெடச்சிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும். நமக்கு வாய்ச்சவன்லாம் சரியில்ல."

"அவன்லாம் சரியாத்தான் கேட்டான்" என்றாள் கோமளவல்லி.

அவர் பூப்போட்ட துணியை எடுத்து உதறினார். "சரி வுடு. இனிமே இத இப்பிடியே மூடி வெப்போம். ஒனக்கு வேணும்போது என்னாண்ட சொல்லு, எடுத்துக் குடுக்கறேன்."

அவள் பிளக்கைப் பிடுங்கினாள். இரண்டு கையாலும் பிரிண்டரை ஷோகேசிலிருந்து இறக்கி, உள்ளே மை தளும்பாமல் மட்டமாகப் பிடித்துக்கொண்டு, பின்னறையைப் பார்த்து நடந்தாள்.

"ஏ, எங்க எடுத்துகினு போற? அது கூடத்துல கீறதுதான் அயகு."

அவள் திரும்பவில்லை. பின்னால் ஒயர் தொங்கித் தரையில் இழுபட்டது. வாசற்படியில் பிளக் மாட்டிக்கொள்ளப் போனது. தீனதயாளன் ஒரு கணம் பூத்துணியோடு நின்றார். பிறகு அதை நாற்காலியில் போட்டுவிட்டு, குனிந்து ஒயரின் நுனியை எடுத்து, தரையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவள் நடக்கிற வேகத்துக்கு அவள் பின்னாலேயே போனார்.